7 மாதத்திலேயே திருத்த ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

பெண்ணுறுப்பு அமைக்கும் ஆபரேஷன் முடிந்து 7 மாதம், இதழ் ஒரு பக்கம் தூக்கலாக இருக்கிறது, சிறுநீர் சிதறுகிறது, உடனே திருத்திக்கொள்ளலாமா என்று டர்பனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், தங்கச்சி. நானும் திருநங்கைதான், அதே டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதிக்காரி. கொஞ்சம் பொறுங்கள்.

வீக்கம் முழுக்க வடிந்து, தழும்பு இளக ஒரு வருஷம்கூட ஆகும். 5ஆம் மாதம் எனக்கு இடது பக்கம் தடித்து நின்றது. கண்ணாடியைப் பார்த்து அழுதிருக்கிறேன். 11ஆம் மாதம் இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிட்டது. சிறுநீர் சிதறுவதும் வீக்கத்தால் வரலாம். வருஷம் தாண்டியும் இவை நீடித்தால், இதழையும் சிறுநீர்த் துளையையும் சரிசெய்வது பெரும்பாலும் சின்ன வேலைதான்.

பெண்ணுறுப்பின் ஆழம் குறைவது அப்படியல்ல. மறுபடி ஆழப்படுத்த வேறிடத்துத் தோலோ வயிற்றறையின் உட்பக்கத்தை மூடிய மெல்லிய சவ்வோ குடல் துண்டோ எடுக்க வேண்டிவரும். ஆழம் சுருங்காமல் இருக்க உள்ளே வைக்கும் தண்டான டைலேட்டரின் பழக்கமும் முதலிலிருந்து தொடங்கும். அதனால் இப்போது டைலேட்டரை விடவே விடாதீர்கள். அதிலுள்ள புள்ளிகளில் எதுவரை போகிறது என்று தினமும் நோட்டில் எழுதுங்கள். டாக்டருக்கு அந்த நோட்டுதான் உதவும்.

உள்ளே சிவந்த சதை வளர்ந்து ரத்தம் கசிந்தால், தீக்குச்சி போன்ற சில்வர் நைட்ரேட் குச்சியால் கிளினிக்கிலேயே தொட்டுவிடுவார்கள். ஆனால் காற்றோ மலமோ பெண்ணுறுப்பு வழியாக வந்தால், சிறுநீர் அடைத்தால், காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முதலில் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே காட்டுங்கள். ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். கேப் டவுன் க்ரூட் ஸ்கூர் போன்ற அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எந்த முறையில் செய்தார்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள்.