பவுடர் பெயின்ட்டுக்கு ஏர்பிரஷ் வாங்கலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து காவிரிப் பக்கம் தூண்டில் போடப் போவோம். ஈய ஜிக்குகளை (ஈயத் தலை வார்த்த தூண்டில் முள்) நாங்களே வார்த்துக்கொள்கிறோம். எனாமல், நெயில் பாலிஷ் என எதைப் பூசினாலும் பாறையில் மோதி உதிர்ந்துவிடுகிறது. பவுடர் பெயின்ட்தான் நிற்கும் என்கிறார்கள். எஸ்.பி. ரோடு கடை ஒன்றில், சார்ஜ் போடும் சின்னக் கம்ப்ரசரோடு ஒரு ஏர்பிரஷ் (காற்றால் பெயின்ட்டைத் தெளிக்கும் கருவி) செட் காட்டி, "எல்லா பெயின்ட்டும் போகும், பவுடரும் போகும்" என்றார்கள். வாங்கலாமா?

பதில்: இந்த வேலைக்காக என்றால் வேண்டாம். பவுடர் பெயின்ட் போட நினைத்தது சரியான முடிவு, அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் முதலில் காசு போக வேண்டியது ஓவனுக்கு.

பவுடரில் தின்னரோ தண்ணீரோ கிடையாது. நிறமும் பிசினும் கலந்து அரைத்த உலர்ந்த மாவு அது. பீன்யா பட்டறைகளில் பவுடர் கோட்டிங் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே துப்பாக்கியே பவுடருக்கு மின்னேற்றம் கொடுக்கிறது. எர்த் செய்த இரும்பில் பவுடர் போய் ஒட்டிக்கொள்ள, பிறகு அடுப்பில் வைத்து உருக்குகிறார்கள். ஏர்பிரஷில் அந்த மின்னேற்றம் இல்லை. ஆறிய ஜிக்கின் மேல் அதில் ஊதினால் பெரும்பாலான பவுடர் தரையில்தான் கிடக்கும். நமக்குப் பவுடரை ஒட்ட வைப்பது ஜிக்கின் சூடுதான்.

ஜிக்கைச் சுமார் 175 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, பவுடருக்குள் ஒரு நொடி முக்கி எடுத்தால் போதும். மேலே பட்ட பவுடர் உருகிப் பளபளவென்று படிந்துவிடும். அப்புறம் அதை ஓவனில் தொங்கவிட்டு வேக வைக்க வேண்டும். லூருக்கென்று, அதாவது ஜிக் போன்ற செயற்கை இரைகளுக்கென்று, விற்கும் பவுடருக்குப் பொதுவாக 175 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். பட்டறையில் மிச்சமான பவுடரைக் கேட்டு வாங்கினால் அதற்கு 180 முதல் 200 டிகிரி வரை தேவைப்படலாம். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். இந்த இரண்டாவது சூட்டைத் தவிர்ப்பவர்கள்தான் "பவுடர் பெயின்ட்டும் உதிர்கிறது" என்று குறைப்படுகிறார்கள். வேகாத பூச்சு பார்க்க அழகாக இருக்கும், பாறையில் பட்டால் தெறித்துவிடும்.

பவுடர் திட்டுத்திட்டாக அப்பினால், அடியில் காற்று ஊதும் கோப்பை ஒன்று செய்துகொள்ளுங்கள். ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, அதன் நடுவில் காற்றை மட்டும் விடும் ஃபில்டர் தாள், கீழே மீன்தொட்டிக்குப் போடும் ஏர் பம்ப். காற்று ஏறியதும் பவுடர் பொங்கித் தண்ணீர் மாதிரி அசையும். அதில் முக்கினால் பூச்சு மெல்லியதாக, ஒரே சீராக வரும். செலவும் அந்தக் கடைக்காரர் காட்டிய செட்டை விட மிகக் குறைவு.

அப்படியானால் பவுடருக்கு ஏர்பிரஷே உதவாதா? உதவும், இரண்டாவது நிறத்துக்கு. வெள்ளை வயிறு, பச்சை முதுகு, நடுவில் இரண்டும் கலந்து மறைவது போன்ற வேலையை முக்கி எடுத்துச் செய்ய முடியாது. சூடான ஜிக்கின் மேல் பவுடரை மெல்ல ஊத வேண்டும். ஆனால் அதற்கு வேறு வகை ஏர்பிரஷ் வேண்டும். உங்களுக்குக் காட்டியதைப் போன்ற செட்டுகளில் பெரும்பாலும் மேலே கிண்ணமும் உள்ளே ஊசியும் இருக்கும். பெயின்ட்டும் காற்றும் உள்ளேயே கலந்து, அரை மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ உள்ள துளை வழியாக வரும். பவுடரின் ஒரு துகள் அந்தத் துளையில் தாராளமாக நுழையும். ஆனால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி ஊசியைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். காற்றில் ஈரம் இருந்தால் இன்னும் சீக்கிரம் அடைக்கும். சின்னக் கம்ப்ரசர்கள் பலவற்றில் ஈரம் பிடிக்கும் வடிகட்டியும் இல்லை, அழுத்தத்தைக் குறைக்கும் வசதியும் இல்லை. பெங்களூரு மழைக்காலத்தில் அது பெரிய தொல்லை.

உங்களுக்கு வேண்டியது, பெயின்ட்டும் காற்றும் முனைக்கு வெளியே கலக்கும் எளிய வகை. கீழே பாட்டில் தொங்கும், உள்ளே ஊசி இருக்காது, விலையும் அதிகமில்லை. அதை 5 முதல் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஓட்டினால் போதும். கடையில் கேட்கும்போது "பவுடர் போகுமா?" என்று கேட்காதீர்கள், "போகும்" என்றுதான் சொல்வார்கள். "வெளியே கலக்கிற வகையா? ரெகுலேட்டர் இருக்கிறதா? ஈரம் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறதா?" என்று கேளுங்கள். முடிந்தால் உங்கள் பவுடரில் ஒரு சிட்டிகை கொண்டுபோய் அங்கேயே ஊதிக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. எதை உருக்கி வார்க்கிறீர்கள்? சுத்தமான ஈயம் 327 டிகிரியில்தான் உருகும், ஓவனில் பயமில்லை. ரிப்பேர் கடைகளில் மிஞ்சிய சால்டரை வாங்கி உருக்கினால் கதை வேறு. தகரமும் ஈயமும் கலந்த அது 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். ஈயம் வேண்டாம் என்று பிஸ்மத்-தகரக் கலவைக்குப் போனால், அதில் 138 டிகிரியிலேயே உருகும் வகையும் உண்டு. ஓவனைத் திறந்தால் ஜிக் இருந்த இடத்தில் வெறும் முள்தான் தொங்கும்.

தயவுசெய்து சமையல் ஓவனைத் தொடாதீர்கள். இதற்கென்று பழைய ஓவன் ஒன்றை வாங்கி பால்கனியிலோ மொட்டை மாடியிலோ வையுங்கள். காற்றில் புகைபோல் மிதக்கும் பவுடர் தீப்பிடிக்கக் கூடியது. கேஸ் அடுப்பு எரியும் இடத்தில் ஊதவே கூடாது. பக்கத்தில் ஓடும் ஹீட் கன்னையும் (சூடான காற்று ஊதும் கருவி) அணைத்துவிட்டு ஊதுங்கள். என்95 மாஸ்க் கட்டாயம். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் ஈயம் உருக்குவதையே வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மரத்திலும் 3டி பிரின்டரிலும் லூர் செய்கிறேன். இவற்றுக்கும் பவுடர் போடலாமா?

பதில்: கூடாது. பிரின்டரில் பரவலாகப் போடும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியிலேயே தொய்ந்துவிடும். மரம் அந்தச் சூட்டில் வெடிக்கும், நிறம் மாறும். முந்தைய கேள்வியில் நான் வேண்டாம் என்ற அதே ஊசி வகை ஏர்பிரஷ் உங்களுக்குப் பொருந்தும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட்டை மெல்லிய பூச்சுகளாக அடித்து, மேலே இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி ஒரு பூச்சு கொடுங்கள்.

கேள்வி: "பவுடருக்கும் ஏற்றது" என்று போட்டிருந்த ஏர்பிரஷை ஆன்லைனில் வாங்கினேன். முதல் தடவையே அடைத்துக்கொண்டது. "நீங்கள் தவறாகப் பயன்படுத்தினீர்கள்" என்று திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். விற்றவர் டெல்லியில் இருக்கிறார்.

பதில்: முதலில் அந்த விளம்பரப் பக்கத்தை, "பவுடருக்கும் ஏற்றது" என்ற வரி தெரியும்படி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளைக்கே அந்த வரி காணாமல் போகலாம். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் டெல்லியில் இருக்கிறாரே என்று தயங்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அடைத்த ஏர்பிரஷைக் கழுவிச் சுத்தம் செய்துவிடாதீர்கள், இருக்கிறபடியே பில்லோடு பத்திரமாக வைத்திருங்கள்.