மருத்துவக் கஞ்சா அட்டை வைத்திருப்பவர் துப்பாக்கி வாங்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் கிரீன் கார்டுடன் வசிக்கிறேன். மனச்சோர்வுக்குச் செர்ட்ராலின் மாத்திரை சாப்பிடுகிறேன். தீராத முதுகுவலிக்காக மாநில அரசின் மருத்துவக் கஞ்சா அட்டையும் வாங்கியிருக்கிறேன். வீட்டுப் பாதுகாப்புக்குக் கைத்துப்பாக்கி வாங்க எண்ணியபோது, மாத்திரை சாப்பிடுபவருக்கு அனுமதி கிடைக்காது என்றார் நண்பர். மாத்திரையை நிறுத்திவிட்டு விண்ணப்பிக்கலாமா?
– வாசகர், எடிசன்

பதில்: தயவுசெய்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியது கஞ்சா அட்டையைப் பற்றித்தான்.

கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருளைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பயன்படுத்துபவரும் அதற்கு அடிமையானவரும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். செர்ட்ராலின் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களின் பட்டியலிலேயே இல்லை. பதற்றத்துக்குத் தரும் ஆல்பிரசோலம், வலிக்குத் தரும் டிரமடால் போன்றவை பட்டியலில் இருந்தாலும், மருத்துவர் உங்களுக்கு எழுதித் தந்தபடி உட்கொள்வதில் தவறில்லை; மனைவிக்கு எழுதித் தந்ததில் மிஞ்சிய டிரமடாலை முதுகுவலிக்கென்று நீங்கள் போட்டுக்கொண்டால் அது சட்டவிரோதப் பயன்பாடு. நம் வீடுகளில் இது சர்வசாதாரணம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

மனநலச் சிகிச்சை பெறுவது மட்டுமே கூட்டாட்சிச் சட்டப்படி தடையாகாது. உத்தரவின் பேரில் மனநல மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவருக்கும், மனநலக் குறைபாடு உள்ளவர் என்று நீதிமன்றம் போன்ற அதிகார அமைப்பு தீர்மானித்தவருக்குமே தடை உண்டு. நியூ ஜெர்சி இன்னும் கண்டிப்பானது. துப்பாக்கி வாங்கும் அனுமதிக்காகக் காவல்துறைக்குத் தரும் விண்ணப்பத்திலேயே மனநலச் சிகிச்சை பற்றிக் கேட்டு, பதிவுகளைத் தேடிப் பார்க்க ஒப்புதலும் வாங்குவார்கள். அங்கே எதையும் மறைக்காதீர்கள்.

இனி கஞ்சா. நியூ ஜெர்சியில் 2022 முதல் 21 வயது நிரம்பிய எவரும் கடையில் கஞ்சா வாங்க முடிகிறது. ஆயினும் கூட்டாட்சிச் சட்டம் அதை ஏற்கவில்லை. மருத்துவர் கஞ்சாவைப் பரிந்துரைக்கலாமே தவிர, மற்ற மருந்துகளைப் போல அதற்குச் சீட்டு எழுத முடியாது என்பதால், மாநிலம் தந்த அட்டை உங்களைக் காக்காது. துப்பாக்கிக் கடையில் நிரப்ப வேண்டிய 4473 படிவத்தில், போதைப்பொருளைச் சட்டவிரோதமாகப் பயன்படுத்துகிறீர்களா என்ற கேள்வியை அடுத்து, மாநிலம் அனுமதித்திருந்தாலும் கஞ்சா கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமே என்ற எச்சரிக்கை 2016இல் சேர்க்கப்பட்டது. நெவாடாவில் அட்டை வைத்திருந்த ஒரு பெண்ணுக்குத் துப்பாக்கி விற்க மறுத்த வழக்கில், மேற்கு மாநிலங்களுக்கான கூட்டாட்சி நீதிமன்றமான 9ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே ஆண்டு அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

மாறாக, டெக்சாஸை உள்ளடக்கிய 5ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், துப்பாக்கி வைத்திருந்த நேரத்தில் போதையில் இல்லாதவரை, முன்பு பயன்படுத்தினார் என்பதற்காக மட்டும் தண்டிக்க முடியாது என்று கூறியது. அங்கிருந்து எழுந்த வழக்கொன்றை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. நியூ ஜெர்சி அந்த வட்டாரத்தில் இல்லை. அங்கே வந்த தீர்ப்பை நம்பி நீங்கள் கையெழுத்திடக் கூடாது.

4473 படிவத்தின் போதைப்பொருள் கேள்விக்கு ‘இல்லை’ என்று பொய்யாகக் குறித்தால் 10 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். ‘ஆம்’ என்றால் கடைக்காரர் விற்கமாட்டார் என்பதோடு, கஞ்சா பயன்படுத்துவதாக நீங்களே எழுதிக் கொடுத்ததாகவும் ஆகும். மாநிலச் சட்டம் அனுமதித்த கஞ்சாவும் குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தையைப் பாதிக்கலாம் என்று குடியேற்றத் துறை 2019இலேயே அறிவித்திருக்கிறது. துப்பாக்கிக் குற்றத்துக்காகக் கிரீன் கார்டுக்காரர் நாடு கடத்தப்படவும் கூடும். ஆகவே, கஞ்சாவைத் தொடரும் வரை அந்தப் படிவத்தை நிரப்பவே வேண்டாம். வலிக்கு வேறு சிகிச்சை உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அட்டையைத் திருப்பிக் கொடுத்தாலும், எவ்வளவு காலம் கழித்து விண்ணப்பிப்பது என்பதைக் குடியேற்றச் சட்டமும் துப்பாக்கிச் சட்டமும் அறிந்த வழக்கறிஞரிடம் கேட்டபின் முடிவுசெய்யுங்கள்.