உங்கள் பட்சி எது? பஞ்சபட்சி கேள்வி பதில்

திருவையாற்றுப் பக்கம் எனக்கு விவசாயம். ஒவ்வொருவருக்கும் ஐந்து பறவைகளில் ஒன்றை வைத்து நல்ல நேரம் பார்க்கிற பஞ்சபட்சி முறையைக் கணிக்க அப்பாவிடம் கற்றுக்கொண்டேன். வந்த கேள்விகளில் அதிகம் குழப்புகிறவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து: ஐயா, என் நட்சத்திரம் பூரம். ஒருவர் ஆந்தை என்கிறார், இன்னொருவர் கோழி என்கிறார். எதை எடுத்துக்கொள்வது?

நீங்கள் பிறந்தது வளர்பிறையா தேய்பிறையா என்று கேட்காமல் இருவருமே சொல்லியிருக்கக் கூடாது. வளர்பிறையில் பிறந்திருந்தால் அசுவினி முதல் மிருகசீரிடம் வரை வல்லூறு, திருவாதிரை முதல் பூரம் வரை ஆந்தை, உத்திரம் முதல் விசாகம் வரை காகம், அனுஷம் முதல் உத்திராடம் வரை கோழி, திருவோணம் முதல் ரேவதி வரை மயில். தேய்பிறையில் பிறந்தவர்களுக்கு வரிசை தலைகீழ். அசுவினிக்காரர் மயில், ரேவதிக்காரர் வல்லூறு. காகம் நடுவில் நிற்பதால் இரண்டு பிறையிலும் காகம்தான்.

ஆகவே நீங்கள் வளர்பிறைப் பிறப்பு என்றால் ஆந்தை, தேய்பிறை என்றால் கோழி. பிறந்த தேதியை வைத்து அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தில் திதியைப் பாருங்கள், முடிந்துவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். உங்கள் பட்சி பிறப்போடு முடிவானது, ஆயுசுக்கும் மாறாது. இன்றைக்கு நடக்கிற பிறையைப் பார்ப்பது அந்தப் பட்சி இப்போது என்ன தொழில் செய்கிறது என்று அறியத்தான். இரண்டையும் குழப்பினால் கணக்கு முழுக்கத் தப்பு.

மன்னார்குடியிலிருந்து: எனக்கு வல்லூறு. வருகிற செவ்வாய், வளர்பிறை, குறுவை நடவு வைத்திருக்கிறேன். எந்த நேரத்தில் தொடங்கலாம் அண்ணே?

தம்பி, பகல் முப்பது நாழிகை. அதை ஐந்து ஜாமமாகப் பிரித்தால் ஒன்றுக்கு ஆறு நாழிகை, அதாவது 2 மணி 24 நிமிஷம். ஒவ்வொரு பட்சிக்கும் ஊண், நடை, அரசு, துயில், சாவு என்று ஐந்து தொழில். வளர்பிறை ஞாயிறும் செவ்வாயும் பகலில் வல்லூறு ஊணில் தொடங்கும். சூரியன் 6 மணிக்கு உதித்ததாக வைத்துக்கொண்டால் 8.24 வரை ஊண், 10.48 வரை நடை, 1.12 வரை அரசு, 3.36 வரை துயில், பிறகு அஸ்தமனம் வரை சாவு.

அரசுதான் உச்சம். ஆனால் நடவாட்கள் விடிந்ததும் வரப்பில் வந்து நிற்பார்கள், அவர்களைப் பதினொரு மணி வெயிலுக்குக் காக்க வைக்காதீர்கள். ஊணும் நல்ல தொழில்தான். முதல் ஜாமத்திலேயே ஈசானிய மூலையில் ஒரு முடி நாற்றை நட்டுவிடுங்கள். தொடக்கம் நல்ல நேரத்தில் விழுந்தால் போதும், மிச்ச வேலை தன் போக்கில் நடக்கட்டும். அப்பா இப்படித்தான் செய்வார். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கிற வருஷத்திலும் சரி, தள்ளிப்போகிற வருஷத்திலும் சரி, தண்ணீர் வயலுக்கு வந்த பிறகுதான் பட்சி பார்ப்பார். முறைத்தண்ணீர் நடுராத்திரி வந்தால் மண்வெட்டியோடு கிளம்பிவிடுவார்.

நாகப்பட்டினத்திலிருந்து: எப்போதும் காலை 6 மணி என்றே கணக்கு வைக்கலாமா?

வேண்டாம். நம் பக்கம் ஜூன் தொடக்கத்தில் ஆறுக்கு முன்பே உதயம், ஜனவரி கடைசியில் ஆறரையைத் தாண்டிவிடும். பகலின் நீளமும் மாறுகிறது. ஜூனில் ஒரு ஜாமம் சுமார் 2 மணி 32 நிமிஷம் வரும், டிசம்பரில் 2 மணி 18. உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை எண்ணி ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஜாமத்துக்குள்ளும் ஐந்து தொழில் அடங்கும். வளர்பிறைப் பகலில் ஊண் ஒன்றேகால் நாழிகை, நடை ஒன்றரை, அரசு இரண்டு, துயில் முக்கால், சாவு அரை. கூட்டிப் பாருங்கள், சரியாக ஆறு. அரசு ஜாமத்திலும் அரை நாழிகைச் சாவு ஒளிந்திருக்கும். உதயத்தை அரை மணி தப்பாகப் பிடித்தால் போய் அதில்தான் விழுவீர்கள்.

பாபநாசத்திலிருந்து: பாட்டிக்கு நட்சத்திரம் தெரியாது.

பெயரின் முதல் எழுத்தில் ஒலிக்கிற உயிரெழுத்தைப் பிடியுங்கள் அம்மா. வளர்பிறையில் அ வல்லூறு, இ ஆந்தை, உ காகம், எ கோழி, ஒ மயில். செல்லம்மாள் என்றால் ‘செ’யில் எ ஒலிக்கிறது, ஆகவே கோழி.

சீர்காழியிலிருந்து: வைத்தீஸ்வரன்கோயில் நாடியும் இதுவும் ஒன்றா?

இல்லை. நாடியில் கட்டைவிரல் ரேகையை வைத்து ஓலை தேடுவார்கள். பட்சிக்கு ஓலை வேண்டாம். நட்சத்திரம், பிறை, கிழமை, உதயம் தெரிந்தால் நீங்களே கணிக்கலாம்.

மயிலாடுதுறையிலிருந்து: அப்பாவுக்கு அவசரமாக ஆபரேஷன் என்கிறார்கள். அன்றைக்கு அவருக்குப் படுபட்சி, அதாவது அவர் பட்சி பலமிழக்கிற நாள். இரண்டு நாள் தள்ளிப்போடலாமா?

தள்ளாதீர்கள். டாக்டர் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் செய்துவிடுங்கள். பட்சி என்பது அவகாசம் இருக்கிற காரியத்துக்கு நேரம் பொறுக்குகிற முறை. ‘பாம்பு கடித்தவனுக்குப் பட்சி பார்க்காதே’ என்று அப்பா எனக்குச் சொன்னது கணக்கு கற்றுக்கொடுத்த முதல் நாளிலேயே. மனசு கேட்கவில்லை என்றால் மாயூரநாதர் சன்னதியில் ஒரு விளக்கு ஏற்றிவிட்டுப் போங்கள். அம்பிகையே மயிலாக இருந்து பூசித்த ஊர் உங்களுடையது.

ஊர் பெயர் வேண்டாம் என்றவர்: பங்காளியோடு வரப்புத் தகராறு. அவன் பட்சி சாவில் இருக்கிற நேரம் பார்த்துப் போனால் ஜெயிப்பேனா?

பட்சி தெரிந்தவனைப் பகைக்காதே என்று பழமொழி இருப்பதால் இப்படிக் கேட்கிறீர்கள். அடுத்தவன் விழுகிற நேரத்தை நான் யாருக்கும் கணித்துக் கொடுப்பதில்லை, உங்களுக்கும் கிடையாது. பட்டாவையும் புலப்படத்தையும் எடுத்துக்கொண்டு சர்வேயருக்கு மனு போடுங்கள். மனு கொடுக்க நல்ல ஜாமம் வேண்டுமானால் உங்கள் நட்சத்திரமும் பிறந்த பிறையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.