ஜீப் ராங்லருக்கு எந்த டீசல் எஞ்சின்?

அமெரிக்காவில் ஓடும் 2001 ராங்லரின் 4.0 லிட்டர் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு கம்மின்ஸ் நிறுவனத்தின் 4பிடி டீசல் எஞ்சின் போடலாமா, அதே நிறுவனத்தின் ஆர்2.8 டீசல் எஞ்சின் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஆர்2.8 பக்கம்தான். காரணம் எடை. 4பிடி, ரொட்டி விநியோக வேன்களில் ஓடிய 3.9 லிட்டர் எஞ்சின். சுமார் 340 கிலோ. அவ்வளவு பாரமும் முன் அச்சில் இறங்கினால் ஸ்பிரிங், பிரேக் எல்லாமே மாற்ற வேண்டிவரும். சேற்றில் வண்டியின் மூக்குதான் முதலில் புதையும். அதிர்வும் அதிகம், பல்லே ஆடும். ஆர்2.8 சுமார் 230 கிலோதான். 161 குதிரைத்திறன், 420 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை.

ஆனால் 4பிடியில் கம்ப்யூட்டரே கிடையாது. டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். ஆளில்லாத காட்டில் நின்றுபோனால் ஸ்பேனரோடு சரிசெய்யலாம், அது பெரிய வரம்.

அப்புறம் கியர் விகிதம். டீசல் குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும். 4பிடி நிமிடத்துக்கு 2,500 சுழற்சியைத் தாண்டவே தயங்கும். பெரிய டயருக்காக 4.56 விகித அச்சு (சக்கரம் ஒருமுறை சுற்ற, அச்சை ஓட்டும் தண்டு 4.56 முறை சுற்ற வேண்டும்) போட்டிருந்தால், எஞ்சின் அதிக வேகத்தில் சுழல வேண்டிவந்து நெடுஞ்சாலையில் தவிப்பீர்கள். 3.73 போதும்.

எஞ்சின் வாங்குமுன் உங்கள் மாநிலப் புகை விதியைப் பாருங்கள். கலிபோர்னியா என்றால் இதுதான் முதல் வேலை.