‘ஆல்ரெடி’யை எங்கே வைப்பது? கேள்வி பதில்

மதுரைப் பேச்சில் ‘ஆல்ரெடி’ என்றைக்கோ குடியேறிவிட்டது. ‘ஆல்ரெடி சொல்லிட்டேன்ல’, ‘ஆல்ரெடி டோக்கன் போட்டாச்சு’ என்று டீக்கடையிலும் கேட்கலாம், பேங்கிலும் கேட்கலாம். அதே பழக்கத்தில் ஆங்கிலம் பேசும்போதும் தமிழ் வாக்கியத்தில் வைக்கிற இடத்திலேயே அதை வைத்துவிடுகிறோம். எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆங்கில வகுப்பில் இந்த ஒரு சொல்லைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மேற்குக் கோபுரம் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறேன். மதியம் கோயில் நடை சாத்திய பிறகு வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் ‘ஆல்ரெடி டெம்பிள் க்ளோஸ்டு’ என்கிறேன். சரிதானா?

அவர்களுக்குப் புரிந்துவிடும் அண்ணே. ஆனால் ‘தி டெம்பிள் ஹேஸ் ஆல்ரெடி க்ளோஸ்டு’ என்று சொல்லிப் பழகுங்கள். தமிழில் ‘ஏற்கெனவே நடை சாத்திட்டாங்க’ என்று ஏற்கெனவேயைத் தலையில் வைக்கலாம். ஆங்கிலத்தில் அதன் இடம் வினைச்சொல்லை ஒட்டித்தான். ‘ஹேவ், ஹேஸ், ஹேட்’ மாதிரி துணைவினை இருந்தால் அதற்கு அடுத்து வரும்: ‘தி வைகை எக்ஸ்பிரஸ் ஹேஸ் ஆல்ரெடி லெஃப்ட்.’ துணைவினை இரண்டு இருந்தால் முதலாவதற்கு அடுத்து: ‘தி ஃபேர் ஹேஸ் ஆல்ரெடி பீன் பெய்ட்.’ துணைவினையே இல்லாவிட்டால் வினைக்கு முன்னால்: ‘ஐ ஆல்ரெடி நோ தி வே.’ ‘இஸ், ஆர், வாஸ்’ மட்டும் இருந்தால் அவற்றுக்குப் பின்னால்: ‘ஹி இஸ் ஆல்ரெடி ஹியர்.’

கதை, கட்டுரைகளில் ‘ஆல்ரெடி’ என்றே தொடங்கும் வாக்கியத்தைப் பார்த்திருப்பீர்கள். அது எழுத்து நடைக்கு உரியது. சவாரிக்கு வருகிறவரிடம் பேச அது வேண்டாம்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறேன். வெளியூர் வியாபாரி ஒருவர் போனில் ‘ஹேவ் யூ சோல்ட் இட் ஆல்ரெடி?’ என்றார். குரலில் வருத்தம் தெரிந்தது. சும்மா ‘விற்றாச்சா’ என்று கேட்டதற்கு ஏன் அந்த வருத்தம்?

அவர் சும்மா கேட்கவில்லை அக்கா. ‘அதுக்குள்ளேயா வித்துட்டீங்க?’ என்று கேட்டிருக்கிறார். மல்லி தனக்குக் கிடைக்கும் என்று நினைத்திருப்பார் போல.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நம் பள்ளிகளில் ‘ஆல்ரெடி என்றால் ஏற்கெனவே’ என்று ஒற்றைப் பொருளில் முடித்துவிடுகிறார்கள். அந்தச் சொல்லின் பாதி உயிர் ‘அதற்குள்’ என்பதில் இருக்கிறது. எதிர்பார்த்ததற்கு முன்பே ஒன்று நடந்துவிட்டது என்ற உணர்வு அதில் உண்டு. ‘இட் இஸ் ஆல்ரெடி ஃபைவ்’ என்றால் ‘அதுக்குள்ள அஞ்சாயிருச்சே!’ ஆச்சரியம் கூடக் கூட அந்தச் சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போகும்: ‘யூ ஹேவ் ஃபினிஷ்ட் ஆல்ரெடி!’

வியப்பு எதுவும் இல்லாமல் ‘விற்றாச்சா, இல்லையா’ என்று மட்டும் தெரிய வேண்டுமானால் ‘ஹேவ் யூ சோல்ட் இட் யெட்?’ என்று கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் ‘ஹேவ் யூ ஈட்டன் ஆல்ரெடி?’ என்று கேட்டால் ‘அதுக்குள்ளே சாப்பிட்டீங்களா?’ என்பது போல் தொனிக்கக்கூடும். அன்பாகக் கேட்க ‘யெட்’தான் நல்லது.

உசிலம்பட்டியில் இருந்து வருகிறேன். இன்டர்வியூவில் ‘ஆல்ரெடி ஐ வொர்க்ட் இன் எ டெக்ஸ்டைல் ஷாப்’ என்றேன். கேட்டவர் முகம் மாறியது. என்ன தப்பு?

தம்பி, தப்பு உன்மேல் இல்லை, நம் ‘ஏற்கெனவே’க்கு இரண்டு வேலை. ‘ஏற்கெனவே ஜவுளிக்கடையில் வேலை பார்த்திருக்கேன்’ என்றால் ‘முன்பு ஒரு காலத்தில்’ என்று அர்த்தம். அந்த அர்த்தத்துக்கு ஆங்கிலத்தில் ‘பிஃபோர்’தான் பொருந்தும்: ‘ஐ ஹேவ் வொர்க்ட் இன் எ டெக்ஸ்டைல் ஷாப் பிஃபோர்.’

கொடைக்கானல் போன அனுபவம் உண்டு என்பதற்கும் ‘ஐ ஹேவ் பீன் தேர் பிஃபோர்’ போதும். ‘வா, கொடைக்கானல் போகலாம்’ என்று ஒருவர் கூப்பிடும்போது ‘அதான் போயாச்சே’ என்று மறுக்க நினைத்தால், அப்போது ‘ஐ ஹேவ் ஆல்ரெடி பீன் தேர்’ கச்சிதமாக இருக்கும். அடுத்த இன்டர்வியூவுக்கு முன் அந்த ஜவுளிக்கடை வாக்கியத்தை வாய்விட்டுப் பத்துத் தடவை சொல்லிப் பார். உனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

‘நான் இன்னும் சாப்பிடலை’ என்பதற்கு ‘ஐ ஹேவ் நாட் ஆல்ரெடி ஈட்டன்’ சொல்லலாமா? (மேலூர், இல்லத்தரசி)

வேண்டாம்மா. ‘ஐ ஹேவ் நாட் ஈட்டன் யெட்.’ ‘இன்னும் இல்லை’ என்றால் யெட். ‘இன்னும் தூங்குகிறான்’ என்று நடந்துகொண்டே இருப்பதற்கு ஸ்டில்: ‘ஹி இஸ் ஸ்டில் ஸ்லீப்பிங்.’ ஒரு விலக்கு உண்டு. பணம் கட்டச் சொல்லி வரும் கடிதங்களில் ‘இஃப் யூ ஹேவ் நாட் ஆல்ரெடி பெய்ட்’ என்று இருக்கும். ‘இதற்குள் கட்டியிருக்காவிட்டால்’ என்று பொருள். அது சரியான ஆங்கிலம்தான்.

‘ஐ ஹேவ் ஆல்ரெடி பெய்ட் யெஸ்டர்டே’?

தவறு. நேற்று என்று நாளைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ நிற்காது. ‘ஐ பெய்ட் யெஸ்டர்டே’ அல்லது ‘ஐ ஹேவ் ஆல்ரெடி பெய்ட்.’ இரண்டில் ஒன்று.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் ‘ஐ ஆல்ரெடி ஏட்’ என்கிறான். ‘ஹேவ்’ எங்கே போச்சு?

அமெரிக்கப் பேச்சில் அப்படிச் சொல்வது சகஜம். பிரிட்டிஷ் வழக்கில் ‘ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்’ என்பார்கள். தேர்வில் இதையே எழுதுங்கள். அண்ணனைத் திருத்த வேண்டாம்.

‘ஹேட் ஆல்ரெடி’ எப்போது வரும்? பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன்.

நம் ஊர் வரலாற்றையே எடுத்துக்கொள். 1939 ஜூலை 8 அன்று விடுதலைப் போராட்ட வீரர் வைத்தியநாத ஐயர் முன்னின்று தாழ்த்தப்பட்டோரையும் நாடார் சமூகத்தவரையும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனார். காந்தி அந்தக் கோயிலுக்கு வந்தது 1946-ல். இரண்டுமே கடந்த காலம். அதில் முந்தியதற்குத்தான் ‘ஹேட் ஆல்ரெடி’: ‘வென் காந்தி விசிட்டட் தி டெம்பிள், இட் ஹேட் ஆல்ரெடி ஓப்பன்ட் இட்ஸ் டோர்ஸ் டு ஆல்.’ கதவு திறந்தது முன்னால், காந்தி வந்தது பின்னால். இந்த ஒரு வாக்கியத்தை மனதில் வைத்தால் வரிசை குழம்பாது.

எழுதும்போது ‘எல்’ ஒன்றா, இரண்டா?

சேர்த்து எழுதினால் ஒன்று. இரண்டு ‘எல்’ போட்டுப் பிரித்து எழுதினால் ‘எல்லாரும் தயார்’ என்றாகிவிடும்: ‘வி ஆர் ஆல் ரெடி.’ இடைக்கால ஆங்கிலத்தில் ‘முழுக்கத் தயார்’ என்ற அந்த இரண்டு சொற்கள் ஒட்டித்தான் ‘ஆல்ரெடி’யே பிறந்தது. ஒற்றைச் சொல்லாகச் சொல்லும்போது அழுத்தம் ‘ரெ’யில் விழும். பிரித்துச் சொல்லும்போது ‘ஆல்’ என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும்.