பழைய அம்பாசிடருக்கு வேறு இன்ஜின் போடலாமா?

கேள்வி: அப்பா பயன்படுத்திய 1964 அம்பாசிடர் மார்க் 2 எங்களிடம் இருக்கிறது. இன்ஜின் ஜாம் ஆகி நின்றுவிட்டது. பழையதைப் பிரித்து வேலை பார்த்தால் நாளும் செலவும் கூடும், பிற்கால அம்பாசிடரின் இசுசு இன்ஜினைப் போட்டுவிட்டு ஆர்.சி.யில் எண்ணைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் மெக்கானிக். விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யவும் ஆசை. சட்டச் சிக்கல் வருமா?

பதில்: வரும். அந்தப் "பிறகு" என்ற சொல்லை நம்பி இறங்காதீர்கள்.

தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களும் ஆர்.சி.யில் உள்ளவையும் வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு. உங்கள் காரில் இருந்தது 1489 சிசி. இசுசு 1817 சிசி. இன்ஜின் எண்ணோடு திறனும் மாறுகிறது. கேரளத்திலிருந்து வந்த மேல்முறையீட்டில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே படித்தது. அதனால் ஆர்.டி.ஓ. மறுத்தால் வாதாட உங்களுக்குப் பெரிய இடமில்லை.

அதே வகை 1489 சிசி இன்ஜின் கிடைத்தால் நிலைமை பரவாயில்லை. ஆனாலும் முன் அனுமதி தேவை. அனுமதியில்லாமல் அதே வகை இன்ஜினை மாற்றும் சலுகையை, குறைந்தது பத்து போக்குவரத்து வாகனம் வைத்திருப்பவருக்குத்தான் மாநில அரசு தர முடியும். ஒரு கார் வைத்திருப்பவருக்கு அது இல்லை. மாற்றிய 14 நாட்களுக்குள் ஆர்.சி.யில் பதியவும் வேண்டும். மெக்கானிக் இந்த 14 நாளை மட்டும் கேள்விப்பட்டிருப்பார் போலும். அனுமதிக்கப்படாத மாற்றத்துக்கு அதே சட்டத்தின் 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

விண்டேஜ் பதிவுக்கு இதைவிடக் கறாரான விதி. 2021இல் வந்த விதிகளின்படி வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். இசுசுவைப் போட்டால் அந்தக் கதவை நீங்களே மூடிக்கொள்கிறீர்கள். அந்தப் பதிவு கிடைத்தாலும் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்குத்தான் ஓட்டலாம். தினமும் அலுவலகம் போய்வர அல்ல.

ஆகவே பழைய இன்ஜினையே சரிசெய்யுங்கள் என்பதே என் ஆலோசனை. சிலிண்டர் துளையைக் கடைந்து (போர் அடித்து), அதற்குள் உறை (ஸ்லீவ்) இறக்கி, பிஸ்டன் மாற்றினாலும் இன்ஜினின் உடலான, எண் பொறித்த பிளாக் அப்படியே இருக்கும், ஆர்.சி.யைத் தொட வேண்டியதில்லை. வேலைக்கு முன்னும் பின்னும் எண்ணைப் படமெடுத்து, ரசீதுகளோடு பத்திரப்படுத்துங்கள். பிளாக்கே விரிசல் விட்டு வேறு பிளாக் போட நேர்ந்தால் அது பழுதுபார்ப்பு ஆகாது, இன்ஜின் மாற்றம்தான். "வேறு பிளாக்கில் பழைய எண்ணையே குத்தித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் வண்டியை அங்கே விடாதீர்கள்.

பழைய இன்ஜினோ பிளாக்கோ வாங்கினால், எண் குறித்த பில்லும் அது வந்த வண்டியின் ஆர்.சி. ரத்தான ஆவணமும் கேளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 317ஆவது பிரிவின்படி குற்றம். இன்ஜின் மாறினால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். இல்லையென்றால் சேதக் கோரிக்கையின்போது அதையே காரணம் காட்டுவார்கள்.

ஒர்க்‌ஷாப்புடன் வாய்ப்பேச்சு வேண்டாம். செய்த வேலைக்குரிய கூலி வரும்வரை வண்டியைப் பிடித்துவைக்க இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு மெக்கானிக்குக்கு உரிமை தருகிறது. என்ன வேலை, எந்தெந்த பாகம், எத்தனை நாள், மொத்தம் எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால், சொல்லாத வேலைக்கு அவர் பில் போட முடியாது. வேலை சொதப்பினால் இரண்டு ஆண்டுக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கழற்றிய பாகங்கள் அனைத்தையும் திருப்பித் தர வேண்டும் என்ற வரியும் அந்தத் தாளில் இருக்கட்டும்.