கழுத்து நோவுக்கு எவ்வளவு காசு வரும்?

தம்பி, நீங்கள் ரொறன்ரோவுக்கு வந்து நாலு மாதம். நண்பரின் காரில் போகும்போது பின்னால் வந்த வான் இடித்துவிட்டது. கழுத்தும் நாரியும் நோகின்றன. கூட இருப்பவர்கள் ஒரு லட்சம் டொலர் வரும் என்கிறார்கள், உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த ஜாக்கெட் வாங்குவது, எந்த போன் கொம்பனி நல்லது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதைப் பக்கத்து வீட்டுக்காரரே சொல்வார். முதல் கேள்வியை மட்டும் எடுக்கிறேன், ஏனென்றால் அதே இடத்தில் நானும் நின்றேன்.

2003இல், நகரம் முழுக்க மின்சாரம் போன அந்த ஆகஸ்டுக்கு அடுத்த மாதம் வந்து இறங்கினேன். 2005 ஜனவரியில், இரவு வேலைக்கு ஐந்து பேராக வானில் போகும்போது பின்னால் ஒரு லொறி வந்து மோதியது. பொலிஸ் வருவதற்கு முன்பே வண்டி இழுக்கிறவர் வந்துவிட்டார். நடுங்கிக்கொண்டு நின்ற என் கையில் ஒரு லோயரின் கார்டைத் திணித்தார். அடுத்த நாள் அந்த அலுவலகத்திலிருந்து வந்த ஆள், "அக்கா, கை மரத்துப் போகிறது என்றும் சொல்லுங்கள்" என்றார். என் கை மரக்கவில்லை. வேறு லோயரைத் தேடினேன். தம்பி, இல்லாத நோவைச் சொல்லாதீர்கள். ஒரு பொய் அகப்பட்டால் உண்மையான நோவையும் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் இரண்டு காசு இருக்கிறது. எங்கள் ஆட்கள் இரண்டையும் குழப்பித்தான் கதைக்கிறார்கள்.

முதலாவது, பிழை யாருடையது என்று பாராமல் வரும் விபத்துக் கொடுப்பனவு. உங்களிடம் கார் இன்சூரன்ஸ் இல்லை, மனைவி பெயரிலும் இல்லை என்றால், நீங்கள் இருந்த காரின் இன்சூரன்ஸிடம் கேட்கலாம். 7 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். படிவம் கையில் கிடைத்து 30 நாளுக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். 2026 ஜூலைக்கு முன் தொடங்கிய பொலிசி என்றால், வேலைக்குப் போக முடியாதபோது, முதல் வாரம் போக, சம்பளத்தின் 70 வீதம் வரும், ஆனால் பொதுவாக வாரத்துக்கு 400 டொலருக்கு மேல் போகாது. தசைப்பிடிப்பு, சுளுக்கு எல்லாம் 'சிறு காயம்' என்ற பிரிவில் விழும். அதில் சிகிச்சைக்கு உச்சம் 3,500 டொலர். உங்களையும் முதலில் அதில்தான் போடுவார்கள்.

இரண்டாவது, இடித்தவர் மேல் போடும் வழக்கு. அந்த ஒரு லட்சக் கதை இதிலிருந்துதான் வருகிறது. நோவுக்கும் வேதனைக்கும் காசு கேட்க, ஒரு முக்கியமான உடற்செயலாவது மனநிலையாவது நிரந்தரமாகவும் பாரதூரமாகவும் பாதிக்கப்பட்டதென்று காட்ட வேண்டும். காட்டினாலும் சட்டமே ஒரு தொகையைக் கழிக்கிறது. 2024இல் அது 46,053 டொலர், வருடாவருடம் கூடும். உங்கள் வேதனையின் விலை 60,000 என்று வைத்தால், 14,000க்குச் சற்றுக் குறைவாகத்தான் மிஞ்சும். வேதனையின் விலை ஒரு வரம்பைத் தாண்டினால்தான் இந்தக் கழிவு இல்லை, 2024இல் அந்த வரம்பு 153,509 டொலர். சம்பள இழப்பில் இதைக் கழிப்பதில்லை, ஆனால் வாராவாரம் வாங்கிய கொடுப்பனவு அதில் கழியும். அப்புறம் லோயரின் பங்கு, பெரும்பாலும் மூன்றில் ஒன்று, அதன் மேல் வரி, வைத்திய அறிக்கைகளின் செலவு.

என் காலத்தில் கழிவு 30,000. வேதனைக்கு 55,000 என்று பேசினார்கள். கழித்து 25,000. சம்பள இழப்பு 18,000. எல்லாம் போக, மூன்றரை வருடத்துக்குப் பிறகு கையில் வந்தது 26,000 சொச்சம். கலியாண வீட்டில் 'எனக்கு ரெண்டு லட்சம்' என்கிறவர்கள் கையில் வந்ததைச் சொல்வதில்லை. அவர்களை நம்பிக் கடன்பட்டுக் கார் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். இந்தப் பழக்கத்தில் எனக்கு இன்றும் கோபம்தான்.

வழக்குப் போட இரண்டு வருடம் இருக்கிறது, ஆனால் இடித்தவருக்கு 120 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பரலீகல், அதாவது லோயர் அல்லாத, உரிமம் பெற்ற சட்ட உதவியாளர், இன்சூரன்ஸோடு வரும் கொடுப்பனவுச் சண்டையைப் பார்க்கலாம், மேல் நீதிமன்ற வழக்கை நடத்த அவருக்கு அனுமதியில்லை. லோயர்மாருக்கு உரிமம் கொடுக்கும் ஒன்ராறியோ லோ சொசைட்டியின் சேவை மூலம் ஒரு லோயரோடு 30 நிமிடம் வரை இலவசமாகக் கதைக்கலாம். உங்கள் கையிலும் யாராவது லோயர் கார்டைத் திணித்திருந்தால், அதை எறிந்துவிட்டு அங்கே கேளுங்கள். விபத்து நடந்து ஒரு வருடம் ஆகுமுன் கொடுப்பனவை மொத்தமாக முடித்துக்கொள்ள யாராவது கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

என் கேஸைத் தாங்கிப் பிடித்தது ஒரு கொப்பிதான். டொலர் கடையில் வாங்கிய பள்ளிக்கூடக் கொப்பி. ஆங்கிலம் எனக்கு அப்போது சரியாக வராது, அதனால் தமிழில் எழுதினேன். "இன்று தேங்காய் துருவ ஏலவில்லை. பிள்ளையின் தலை இழுக்க ஏலவில்லை. வேலையில் பெட்டி தூக்கினேன், இரவு அழுதேன்." எல்லாவற்றுக்கும் திகதி போட்டேன். சம்பளத்துண்டுகளைப் பின்பக்கத்தில் பின் அடித்து வைத்தேன். எதிர்த்தரப்பு லோயர் சத்தியக்கேள்விக்கு, அதாவது சத்தியம் செய்து பதில் சொல்லும் விசாரணைக்கு, என்னை இருத்தி, "சரியாக எதைச் செய்ய முடியவில்லை?" என்று கேட்ட நாளில் நான் யோசிக்கவே தேவையிருக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் கொப்பியின் ஒரு பக்கத்தைச் சொல்லி முடித்ததும் அந்த லோயர் பேனையை வைத்துவிட்டு, "தேங்காய் துருவுவது என்றால் எப்படி?" என்று கேட்டார். மேசை விளிம்பில் திருவலை இருப்பதாக நினைத்து, இரண்டு கையாலும் செய்து காட்டினேன். தோளுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அதையும் பதிவு செய்யச் சொன்னார்.

கொப்பியை இன்றே வாங்குங்கள், தம்பி. இன்றைக்கும் எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் இருப்பது கடையில் வாங்கும் உறைந்த தேங்காய்ப்பூ பைதான்.